கேன்சர் ட்ரீட்மெண்ட் முடிஞ்சு வீட்டுக்கு வந்த பிறகு: எதுக்கு உடனே ஓடணும், எதுக்கு இன்னிக்கே போன் போடணும், எதுக்கு பொறுக்கலாம்

மலேசியாவுல கெடா மாநிலத்துல பாடாங் செராய், லுனாஸ், கூலிம் பக்கம் இருக்குற நம்ம ஆளுங்களுக்கு கேன்சர் ட்ரீட்மெண்டுன்னா பாதி பேருக்கு பாலத்தைத் தாண்டி பினாங்குக்குப் போறதுதான். காலையில இருட்டோட கிளம்பணும், காடி (கார்) வச்சிருக்குற ஆளைப் பிடிக்கணும், மகனோ மருமகளோ வேலைக்கு லீவு போடணும். இவ்வளவு இருக்கறதால ட்ரீட்மெண்ட் முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்துடுறாங்க, என்ன வந்தாலும் அடுத்த அப்பாய்ன்மெண்ட் தேதி வரைக்கும் பொறுத்துக்குவோம், டாக்டரை சும்மா தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு. இந்த பொறுமைதான் ஆளை கவுக்குது. சில விஷயத்துக்கு மூணு வாரம் பொறுக்கலாம், சிலதுக்கு மூணு மணி நேரம் கூட பொறுக்கக்கூடாது, அது எது எதுன்னுதான் இதுல சொல்லப் போறேன். உங்க டாக்டர் உங்களுக்குன்னு தனியா எதாச்சும் சொல்லிருந்தா அதுதான் கணக்கு, இங்க எழுதுனது இல்ல.

முதல்ல, ஒண்ணும் வராத நாள்லயே செஞ்சு வைக்க வேண்டியது

ஒரு ஏ4 பேப்பர் எடுங்க. அதுல நோயாளி பேரு, ஐசி (அடையாள கார்டு) நம்பர், என்ன கேன்சர், என்ன மருந்து ஏத்துனாங்க (பேரு தெரியலன்னா மிஸ்ஸிகிட்ட, அதாவது நர்ஸுகிட்ட, எழுதித் தரச் சொல்லுங்க, கோவிச்சுக்க மாட்டாங்க), கடைசியா ஏத்துன தேதி, ஒத்துக்காத மருந்து, தினமும் சாப்பிடுற மாத்திரை எல்லாம் எழுதி ஐஸ் பெட்டி கதவுல ஒட்டுங்க. கடைசி தேதி ரொம்ப முக்கியம், ஏன்னு காய்ச்சல் பகுதியில புரியும். அதையே ஹேண்ட்போன்ல போட்டோ எடுத்து வீட்டுல உள்ள எல்லாருக்கும் வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க, ஆஸ்பத்திரியில குடுத்த லெட்டரையும் சேர்த்து.

வார்டை விட்டு வர்றதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேட்டே ஆகணும். ஆபீஸ் நேரத்துல எந்த நம்பருக்கு போன் போடணும்? ராத்திரி, சனி ஞாயிறு, தீபாவளி, தைப்பூசம்னா எங்க போகணும்? பெரும்பாலும் ராத்திரிக்கு பக்கத்துல உள்ள அரசாங்க ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு போங்கன்னுதான் சொல்லுவாங்க, நம்ம பக்கத்துக்கு அது கூலிம் ஆஸ்பத்திரி. பினாங்குலதான் நம்ம பைல் இருக்குன்னு நடுராத்திரியில அவ்வளவு தூரம் ஓட வேணாம், மொதல்ல கிட்ட உள்ளதுக்குப் போங்க, தேவைன்னா அவங்களே ஸ்பெஷலிஸ்ட்கிட்ட பேசி அனுப்புவாங்க.

அப்புறம் காடி. தோட்டத்துக்குள்ள ராத்திரி ரெண்டு மணிக்கு கிரேப் டாக்சி வராது, அதை நம்பி இருக்காதீங்க. யார் வீட்டுக் காடி, அவர் ஊர்ல இல்லன்னா அடுத்தது யாருன்னு முன்னாடியே பேசி வைங்க, இதுல வெக்கப்படுறதுக்கு ஒண்ணும் இல்ல. மூச்சுத் திணறல், மயக்கம், வலிப்பு, நிக்காத ரத்தம்னா காடி தேட வேணாம், 999.

டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிடுங்க, பார்மசியில சாதாரண விலைதான். நெத்தியில காட்டுற துப்பாக்கி மாதிரி உள்ளது வெயில்ல இருந்து வந்தவுடனே ஒண்ணு காட்டும், பேன் காத்துல இருந்தா வேற ஒண்ணு காட்டும், அதை மட்டும் நம்பாதீங்க. வாயில வைக்கிறதா இருந்தா சுடு தண்ணி, டீ குடிச்சு கால் மணி நேரமாச்சும் ஆகட்டும். வாய்ப்புண்ணு இருந்தா அக்குள்ல வைங்க, ஆனா அங்க கொஞ்சம் கம்மியாத்தான் காட்டும்னு ஞாபகம் இருக்கட்டும். ஆசன வாய்ல வைக்கவே கூடாது, கீமோ எடுத்தவங்களுக்கு அங்க சின்ன கீறல் கூட ஆபத்து.

காய்ச்சல்: இதுக்குத்தான் அதிகமா எழுதுறேன்

கீமோ மருந்து கேன்சரை மட்டும் பாத்து அடிக்கிறது இல்ல, ரத்தத்துல உள்ள வெள்ளை அணுவையும் சேர்த்து அடிச்சிடும். வெள்ளை அணுதான் உடம்புக்கு ஜாகா, காவல்காரன். மருந்து ஏத்தி ஏறக்குறைய 7ல இருந்து 14 நாளுக்குள்ள அது ரொம்ப கீழ இறங்கி நிக்கும், சில மருந்துக்கு இன்னும் தள்ளிப் போகும். அந்த நேரத்துல நம்ம தோல்லயும் குடல்லயும் சும்மா கிடக்குற கிருமியே ரத்தத்துல இறங்கி ஆளைக் கவுத்திடும், அதுவும் மணிக்கணக்குல. சாதாரண ஆளுக்கு கிருமி ஏறுனா சீழ் பிடிக்கும், சிவக்கும், சளி கட்டும். வெள்ளை அணு இல்லாதவங்களுக்கு அந்த அடையாளம் பெரும்பாலும் வராது, காய்ச்சல் ஒண்ணுதான் வரும். அதனாலதான் டாக்டருங்க இந்த காய்ச்சலுக்கு இவ்வளவு பயப்படுறாங்க.

கணக்கு இதுதான். கீமோ எடுத்துக்கிட்டு இருக்கவங்களுக்கும் முடிச்சு ஆறு வாரத்துக்குள்ள உள்ளவங்களுக்கும் 38 டிகிரி காட்டுனா உடனே போன், இல்ல நேரா எமர்ஜென்சி. மறுபடி ஒரு மணி நேரம் கழிச்சு பாப்போம், காலையில பாப்போம், பேரன் ஸ்கூல் விட்டு வரட்டும், இதெல்லாம் வேணாம். ஆஸ்பத்திரியில அவங்க செய்ய நினைக்கிறது ரத்தம் எடுத்துட்டு ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாடிக் ஊசி நரம்புல ஏத்துறது. நீங்க வீட்டுல உக்காந்து யோசிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் அதுல இருந்துதான் போகுது.

இங்கதான் பனடோல் வில்லன். நம்ம வீட்டுல உடம்பு கொஞ்சம் கணகணன்னு இருந்தாலே ரெண்டு பனடோல் போட்டு படுத்துடுறது பழக்கம். அது சூட்டைக் குறைக்கும், கிருமியைக் குறைக்காது. சூடு குறைஞ்சதும் நாமளும் சரியாப் போச்சுன்னு இருந்துடுவோம். அதனால தெர்மாமீட்டர் வச்சுப் பாக்காம, டாக்டர்கிட்ட கேக்காம பனடோல் போடாதீங்க. கீமோவோட சேர்த்துக் குடுக்குற டெக்சாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு மாத்திரையும் காய்ச்சலை மறைச்சிடும்.

எங்க பக்கத்து லயத்து பெரியம்மா ஒருத்தர், கீமோ போட்டு ஒரு வாரம் தாண்டியிருந்துச்சு. மத்தியானம், தகரக் கூரை, வீட்டுக்குள்ள நமக்கு சட்டையெல்லாம் நனையுது, அவங்க ரெண்டு போர்வை போத்திக்கிட்டு பல்லு கிட்டி உக்காந்திருக்காங்க, கட்டிலே ஆடுது. தெர்மாமீட்டர்ல 37.4தான். காய்ச்சல் இல்லையேன்னு மருமகளுக்கு ஒரு நிம்மதி. ஆனாலும் கீமோ வார்டுக்கு போன் போட்டாங்க, அந்தப் பக்கம் மிஸ்ஸி கேட்டது ஒரே கேள்வி: "காலையில பனடோல் ஏதும் குடுத்தீங்களாம்மா?" குடுத்திருந்தாங்க, உடம்பு வலிக்குன்னு. "அப்ப அந்த நம்பரைப் பாக்காதீங்க, உடனே கொண்டு வந்துடுங்க"ன்னு சொல்லிட்டாங்க. போனா வெள்ளை அணு தரையில கிடந்துச்சு, அன்னிக்கு ராத்திரிதான் 39க்கு மேல ஏறுச்சு, அப்ப அவங்க வார்டுல ட்ரிப்போட இருந்தாங்க. அதனால குளிர் நடுக்கம் வந்தா காய்ச்சல் காட்டலன்னாலும் அது காய்ச்சல் கணக்குதான். வயசானவங்களுக்கு நடுக்கம் கூட வராம சும்மா தூங்கிக்கிட்டே இருப்பாங்க, பேச்சு குழறும், அதையும் இதுல சேர்த்துக்குங்க.

இன்னொண்ணு, இது நம்ம ஊருக்குன்னே உள்ள பிரச்சனை. தோட்டத்துல காய்ச்சல்னா மொதல்ல டெங்கின்னுதான் எல்லாரும் நினைப்பாங்க, இல்ல எலி மூத்திரக் காய்ச்சல்னு. நினைக்கிறது தப்பில்ல, கெடா பக்கம் மண்ணுலயும் தண்ணியிலயும் மெலியோய்டோசிஸ் கிருமி வேற இருக்கு, அது இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி) உள்ளவங்களைத்தான் தேடிப் புடிக்கும். ஆனா டெங்கியா இருந்தாலும் கீமோ காய்ச்சலா இருந்தாலும் ரெண்டுக்கும் அன்னிக்கே ரத்தம் பாக்கணும். கடைத்தெரு கிளினிக்குல போயி "ஒரு நாளா காய்ச்சல் டாக்டர்"னு மட்டும் சொன்னீங்கன்னா மாத்திரை குடுத்து மூணு நாள் கழிச்சு வாங்கன்னு அனுப்பிடுவாங்க, அவங்க மேல தப்பு சொல்ல முடியாது, கீமோ எடுத்த விஷயத்தை நாம சொல்லணும். சொல்லப் போனா இந்தக் காய்ச்சலுக்கு கிளினிக்கே போகாதீங்க, நேரா ஆஸ்பத்திரி.

நெஞ்சுலயோ கையிலயோ மருந்து ஏத்த குழாய், போர்ட் வச்சிருந்தா அந்த இடம் சிவந்து வலிச்சா, சீழ் வடிஞ்சா, இல்ல அதைக் கழுவி விட்ட கொஞ்ச நேரத்துல நடுக்கம் வந்தா, அதுவும் உடனே.

வெள்ளை அணு குறையுற நாள்ல கோழிக்கூடு கழுவுறது, வெறுங்கையால மண்ணு கிளறுறது எல்லாம் வேற யாராச்சும் பாக்கட்டும். குணமானா காவடி எடுக்கறேன்னு நேர்ந்துக்குறவங்க நிறைய பேரு. முருகன் பொறுத்துக்குவான், டாக்டர்கிட்ட ரத்த ரிப்போர்ட் நல்லா இருக்கான்னு கேக்காம அலகு குத்தாதீங்க, பால்குடம் எடுக்கறதா இருந்தாலும் அந்தக் கூட்டத்துக்குள்ள போகலாமான்னு கேட்டுட்டுப் போங்க.

ரத்தம்

ரத்தத்தை உறைய வச்சு நிறுத்துற பிளேட்லெட் அணு குறைஞ்சா எங்கயாச்சும் ரத்தம் கசியும். பல்லு விளக்கும்போது லேசா ஈறுல ரத்தம் வந்தா அன்னிக்கே போன் போட்டு சொன்னா போதும். மூக்குல ரத்தம் வந்தா முன்பக்கம் குனிஞ்சு உக்காந்து மூக்கோட மெத்துன பகுதியை அழுத்திப் பிடிங்க, தலையை அண்ணாந்தா ரத்தம் தொண்டைக்குள்ள போகும். பத்து நிமிஷம் பிடிச்சும் நிக்கலன்னா எமர்ஜென்சி. காலுல கொசு கடிச்ச மாதிரி சின்னச் சின்ன சிவப்புப் புள்ளி வந்து அழுத்துனா மறையலன்னா அன்னிக்கே. மலம் தார் மாதிரி கருப்பா போனா, மூத்திரம் சிவப்பா போனா, வாந்தியில காப்பித்தூள் மாதிரி வந்தா உடனே. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுறவங்களுக்கும் மலம் கருப்பாத்தான் போகும், அதனால போன்ல அதையும் சேர்த்துச் சொல்லுங்க. தலையில அடிபட்டா சின்ன அடியா தெரிஞ்சாலும் போயிடுங்க.

பல்லு வலி, முட்டி வலின்னா பொன்ஸ்டான் வாங்கிப் போடுறது, கிளினிக்குல வோல்ட்டரன் ஊசி கேட்டு வாங்கிக்கிறது எல்லாம் இந்த நாள்ல கூடாது. ஆஸ்பிரினும் அப்படித்தான், ஆனா இருதயத்துக்குன்னு டாக்டர் குடுத்த ஆஸ்பிரினை நீங்களா நிறுத்தாதீங்க, கேளுங்க.

வாந்தி, வயித்துப்போக்கு, வாய்ப்புண்ணு

ரெண்டு தடவை வாந்தி எடுத்தா யாரும் பதற வேணாம், அதுக்குத்தான் மாத்திரை குடுத்திருக்காங்க. குடுத்த மாத்திரை போட்டும் ஒரு நாள் முழுக்க தண்ணி கூட நிக்கலன்னா, மூத்திரம் ரொம்ப குறைஞ்சு மஞ்சளா போனா, எந்திரிச்சா தலை சுத்துனா போன். வயித்துப்போக்கு உங்க வழக்கத்தை விட ஒரு நாளைக்கு நாலு தடவை கூடுதலா போனா அன்னிக்கே சொல்லணும், ரத்தமோ காய்ச்சலோ சேர்ந்து வந்தா உடனே. கேப்சிடபின்னு கீமோ மாத்திரை வீட்டுல சாப்பிடுறவங்களுக்கு இப்படிப் போனா அடுத்த வேளை மாத்திரையைப் போடாம நிறுத்தி வச்சிட்டு போன் போடுங்க. எண்ணிக்கை முடிக்கணுமேன்னு நிறைய பேரு விடாம சாப்பிட்டு வம்பை வாங்கிக்குறாங்க. அந்த மாத்திரையில நெஞ்சு வலி வந்தாலும் நிறுத்திட்டு எமர்ஜென்சி.

கரி மாத்திரை வாங்கிப் போடாதீங்க, அது மத்த மருந்தையும் சேர்த்து உறிஞ்சிடும். 100 பிளஸ் குடிச்சா போதும்னு ஒரு நம்பிக்கை இருக்கு நம்ம ஆளுங்களுக்கு, சீனிதான் நிறைய போகும், பார்மசியில ஓஆர்எஸ் (உப்பு, சீனி கலந்த பொடி) பாக்கெட் வாங்கி கரைச்சுக் குடுங்க.

இம்யூனோதெரபி, அதாவது உடம்போட எதிர்ப்பு சக்தியையே கேன்சர் மேல தூண்டி விடுற மருந்து, எடுத்தவங்க மட்டும் இதைத் தனியா படிங்க. உங்களுக்கு வயித்துப்போக்கு வந்தா அது சாப்பாட்டுக் கோளாறா இல்லாம உங்க உடம்பே குடலை எதிர்த்து அடிக்கிறதா இருக்கலாம், அதுக்கு வைத்தியம் ஸ்டீராய்டு, நிறுத்துற மாத்திரை இல்ல. இருமல் மூச்சு வாங்குறது, தோல்ல தடிப்பு, ரொம்ப அசதி, விடாத தலைவலி, கண்ணு மஞ்சள் எல்லாம் அதே கதைதான், அதுவும் மருந்து நிறுத்தி மாசக்கணக்கு ஆனபிறகும் வரும். எந்த டாக்டரைப் பாத்தாலும் மொதல் வார்த்தையா இம்யூனோதெரபி எடுத்தேன்னு சொல்லிடுங்க.

வாய்ப்புண்ணுக்கு ஒரு அளவுகோல்தான், எச்சில் முழுங்க முடியலையா, தண்ணி இறங்கலையா, அப்ப அன்னிக்கே.

முதுகு வலி: இதை யாரும் பெருசா எடுக்கிறதில்ல

முப்பது வருஷம் மரம் சீவுனவங்களுக்கும் செம்பனை குலை தூக்குனவங்களுக்கும் முதுகு வலி இல்லன்னாத்தான் அதிசயம். அதனாலேயே மார்புப் புற்று, ப்ராஸ்டேட், நுரையீரல், மைலோமா (எலும்பு மஜ்ஜையில வர்ற கேன்சர்) இதெல்லாம் இருந்தவங்க முதுகு வலின்னா வீட்டுல தைலத்தைத் தேய்ச்சு உருவி விட்டுடுவாங்க. இந்தக் கேன்சருங்க முதுகெலும்புக்குப் போற வழக்கம் உள்ளதுங்க. அங்க போயி தண்டுவடத்தை அழுத்த ஆரம்பிச்சா கால் போயிடும், இதுல மிகைப்படுத்தி ஒண்ணும் சொல்லல.

வேலை செஞ்ச வலி படுத்தா குறையும். இந்த வலி படுத்தா கூடும், ராத்திரியில எழுப்பி விடும், இருமுனா தும்முனா சுருக்குன்னு பிடிக்கும், நாளுக்கு நாள் ஏறிக்கிட்டே போகும், சில பேருக்கு நெஞ்சைச் சுத்தியோ வயித்தைச் சுத்தியோ பெல்ட் போட்டு இறுக்குன மாதிரி வரும். இந்த மாதிரி வலின்னா அன்னிக்கே போன். இதோட கால் தடுமாறுது, படி ஏற முடியல, செருப்பு கழண்டு விழுந்தது கூட தெரியல, சைக்கிள் சீட்டு படுற இடம் மரத்துப் போச்சு, மூத்திரம் வரமாட்டேங்குது இல்ல தெரியாம போயிடுது, இப்படி எதாச்சும் ஒண்ணு சேர்ந்தா ராத்திரியா இருந்தாலும் எமர்ஜென்சி, காலையில வரைக்கும் கூட வேணாம். எம்ஆர்ஐ எடுத்து ஸ்டீராய்டு, ரேடியோதெரபி இல்ல ஆபரேஷன்னு முடிவு பண்ணுவாங்க. ட்ரீட்மெண்ட் ஆரம்பிக்கும்போது நடந்துக்கிட்டு இருக்கவங்க பெரும்பாலும் பிறகும் நடப்பாங்க, கால் விழுந்த பிறகு போனவங்கள்ல நிறைய பேருக்கு திரும்ப வராது. அதனாலதான் சொல்றேன், உருவி விடுற ஆளைக் கூப்பிடாதீங்க, எலும்புல நோய் இருந்தா அழுத்தி உருவுறதுலயே முறிஞ்சிடும்.

மூச்சு, நெஞ்சு, வீக்கம்

கேன்சரும் சரி அதுக்கான மருந்தும் சரி ரத்தத்தை உறைய வைக்கும். ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைக்கால் வலிச்சா, சூடா இருந்தா அன்னிக்கே போங்க, தேய்க்காதீங்க. அந்த ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போனா திடீர்னு மூச்சு வாங்கும், நெஞ்சு குத்தும், சில பேருக்கு இருமல்ல ரத்தம் வரும், அது 999. காலையில எந்திரிக்கும்போது முகமும் கழுத்தும் வீங்கியிருக்கு, கழுத்து நரம்பு புடைச்சிருக்கு, குனிஞ்சா மூச்சு முட்டுது, இது நெஞ்சுக்குள்ள பெரிய ரத்தக்குழாய் அடைபடுற அடையாளம், உடனே போகணும். ரெண்டு காலும் வீங்கி தலையணை உயரமா வச்சாத்தான் தூக்கம் வருதுன்னா அது இருதயக் கோளாறா இருக்கலாம். சிவப்புக் கலர்ல ஏத்துற டாக்சோருபிசின், மார்புப் புற்றுக்கு ஏத்துற டிராஸ்டுசுமாப் ரெண்டும் இருதயத்தை பாதிக்கக் கூடியது, சிவப்பு மருந்துக்கு அது வருஷங்கள் கழிச்சு கூட வரலாம்.

தலை, புத்தி, தாகம்

காலையில எந்திரிச்சதும் தலைவலி, கூடவே வாந்தி, பார்வை ரெண்டா தெரியுது, ஒரு பக்கம் கை கால் பலமில்ல, புதுசா வலிப்புன்னா எமர்ஜென்சி. இன்னொண்ணை வீட்டுல உள்ளவங்க அடிக்கடி தவற விடுறாங்க: தாகம் தாகம்னு தண்ணி குடிக்கிறது, அடிக்கடி மூத்திரம், மலச்சிக்கல், குமட்டல், போகப் போக ஒரு மாதிரி குழம்பிப் பேசுறது. எல்லாரும் இனிப்பு நீர் ஏறிப்போச்சுன்னு விரல்ல குத்திப் பாத்து, நம்பர் நல்லா இருக்கேன்னு விட்டுடுவாங்க. ரத்தத்துல கால்சியம் ஏறுனாலும் இதே மாதிரிதான் இருக்கும், கேன்சர் உள்ளவங்களுக்கு அது வரும், ட்ரிப் போட்டு ஊசி போட்டா இறங்கிடும், ஆனா அன்னிக்கே போகணும். டெக்சாமெத்தசோன் கொஞ்ச நாளா சாப்பிடுறவங்க அதைத் திடீர்னு நிறுத்தவே கூடாது, மாத்திரை தீரப்போகுதுன்னா தீர்றதுக்கு முன்னாடியே போன் போடுங்க.

மாசம், வருஷம் கழிச்சு வர்றது

இது அவசரம் இல்லாத பகுதி, அதனாலேயே மறந்துடும் பகுதி.

மார்புப் புற்றுக்கு அக்குள்ல நெறிக்கட்டி எடுத்தவங்களுக்கு அந்தப் பக்கத்துக் கை வாழ்நாள் முழுக்க வீங்கக்கூடியது. மோதிரம் இறுகுது, கை கனமா இருக்குன்னா அடுத்த அப்பாய்ன்மெண்ட்ல சொல்லலாம், சீக்கிரம் சொன்னா சீக்கிரம் அடங்கும். ஆனா அந்தக் கையில செம்பனை முள்ளு குத்தியோ பூனை கீறியோ சிவந்து சூடா வலிச்சா அன்னிக்கே ஆன்டிபயாடிக் வேணும், காய்ச்சலும் வந்தா உடனே. தோட்டத்துல வேலைக்குத் திரும்புனவங்க கையுறை இல்லாம எதையும் தொடாதீங்க.

மார்புப் புற்றுக்கு டமாக்சிபன் மாத்திரை சாப்பிடுறவங்க, மாதவிலக்கு நின்ன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அந்த வாரமே சொல்லிடணும், கர்ப்பப்பை உட்சுவரைப் பாக்கணும். கூச்சப்பட்டு மறைக்கிற அக்காமாருங்க நிறைய, மிஸ்ஸிகிட்ட தனியா சொல்லலாம்.

நெஞ்சுல ரேடியோதெரபி எடுத்தவங்களுக்கு முடிஞ்சு ஒண்ணுல இருந்து ஆறு மாசத்துக்குள்ள வறட்டு இருமல், லேசா மூச்சு வாங்குறது வந்தா அது நுரையீரல் வீக்கமா இருக்கலாம், இருமல் மருந்து வாங்கிக் குடிச்சு நாளைக் கடத்தாதீங்க. நம்ம நாட்டுல காசநோயும் இருக்குறதால ரெண்டு வாரத்துக்கு மேல இருமல்னா அதுக்கும் சளி பாக்கச் சொல்லுவாங்க. அடிவயித்துல எடுத்தவங்களுக்கு மலத்துலயும் மூத்திரத்துலயும் ரத்தம் வருஷம் கழிச்சும் வரலாம், மூலம்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. வாய், கழுத்துப் பகுதியில எடுத்தவங்க பல்லு புடுங்கப் போறதுக்கு முன்னாடி கேன்சர் டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் போகணும், புடுங்குன இடத்துல தாடை எலும்பு ஆறாம அழுகிப் போற ஆபத்து உண்டு. கழுத்துல எடுத்தவங்களுக்கு தைராய்டும் மெதுவா படுத்துடும், காரணமில்லாம உடம்பு போடுது, குளிருது, சோம்பலா இருக்குன்னா ரத்தம் பாக்கச் சொல்லுங்க. வாய்ப்புற்று இந்த நாட்டுல நம்ம இந்தியருங்களுக்குத்தான் அதிகம், ட்ரீட்மெண்ட் முடிஞ்சு மறுபடி வெத்திலைப் பொட்டியைத் திறக்கிற பாட்டிங்களை நானே பாத்திருக்கேன், என்னத்தச் சொல்ல.

கை கால் விரல் மரத்துப் போறது கீமோவுல சகஜம். அவசரம் இல்ல, ஆனா சட்டை பட்டன் போட முடியல, நடக்கத் தடுமாறுதுன்னா அடுத்த டோஸுக்கு முன்னாடியே சொல்லணும், மருந்தைக் குறைப்பாங்க. ஆக்சாலிபிளாட்டின் ஏத்துனவங்க கொஞ்ச நாளைக்கு ஐஸ் தண்ணி, செண்டோல் பக்கம் போகாதீங்க, தொண்டை அடைச்ச மாதிரி ஆகும்.

கண்ணு மஞ்சளா, மூத்திரம் கோப்பி கலர்ல போனா அன்னிக்கே. கல்லீரல் கெட நிறைய காரணம் இருக்கு, கீமோவால தூங்கிக்கிட்டு இருந்த ஹெபடைடிஸ் பி கல்லீரல் கிருமி எந்திரிக்கலாம், டுரியான் பெலாண்டா இலை, பெலாலாய் காஜா இலைன்னு யாரோ குடுத்ததை கொதிக்க வச்சுக் குடிச்சதாலயும் இருக்கலாம். குடிச்சா குடிச்சேன்னு சொல்லிடுங்க, திட்டுவாங்கன்னு மறைச்சா அவங்க வேற எங்கயோ தேடிக்கிட்டு இருப்பாங்க.

"திரும்ப வந்துடுச்சோ?"

ட்ரீட்மெண்ட் முடிஞ்சவங்க எல்லாருக்கும் இந்தப் பயம் இருக்கு, தலைவலி வந்தா மூளை, வயிறு வலிச்சா கல்லீரல்னு மனசு ஓடும். அதுக்கு ரெண்டு வாரக் கணக்கு வச்சுக்குங்க. மேல சொன்ன அவசர அடையாளம் எதுவும் இல்லாம புதுசா ஒரு வலியோ, இருமலோ, புண்ணோ வந்து ரெண்டு வாரத்துல தானா போயிடுச்சுன்னா விட்டுடலாம். ரெண்டு வாரம் தாண்டியும் இருக்கு, கூடிக்கிட்டே போகுதுன்னா அப்பாய்ன்மெண்டை முன்னுக்கு இழுக்கச் சொல்லி போன் போடுங்க. புதுக் கட்டி தட்டுப்பட்டாலோ, ஆபரேஷன் தழும்புல மாற்றம் தெரிஞ்சாலோ, சாப்பாட்டைக் குறைக்காம எடை இறங்குனாலோ ரெண்டு வாரமும் வேணாம், அந்த வாரமே. கூகிள்ல தேடுறதை விட ஒரு நோட்டுல என்னிக்கு ஆரம்பிச்சது, எப்ப கூடுது, எதுக்கு குறையுதுன்னு எழுதுறது நூறு மடங்கு பிரயோஜனம், டாக்டர் அதைத்தான் கேப்பாரு.

தூக்கம் இல்ல, யார்கிட்டயும் பேசப் பிடிக்கல, வாழ்ந்து என்ன ஆகப் போகுதுன்னு தோணுது, இதுவும் சொல்ல வேண்டிய அடையாளம்தான். சுகாதார அமைச்சோட ஹீல் லைன் 15555 இருக்கு. சாகணும்னு எண்ணம் வந்தா ஆளைத் தனியா விடாம எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போங்க.

போன்லயும் கவுண்டர்லயும் எப்படி பேசுறது

"உடம்பு சரியில்லீங்க மிஸ்ஸி"ன்னு ஆரம்பிச்சா பத்து நிமிஷம் அங்கயே போயிடும். ஐஸ் பெட்டியில ஒட்டுன பேப்பரைக் கையில எடுத்துக்கிட்டு இந்த வரிசையில சொல்லுங்க: யாரு, என்ன கேன்சர், கடைசி கீமோ என்னிக்கு, இப்ப என்ன, எப்ப ஆரம்பிச்சது, காய்ச்சல் எத்தனை, என்ன மாத்திரை போட்டீங்க. "மார்புப் புற்று, கீமோ போட்டு ஒன்பது நாள், ஒரு மணி நேரமா 38.5, குளிர் நடுக்கம், பனடோல் போடல." இவ்வளவுதான், அந்தப் பக்கம் உள்ளவங்களுக்கு அடுத்து என்ன செய்யணும்னு தெரிஞ்சிடும். போன்ல பதில் சொன்னவங்க பேரையும் அவங்க என்ன சொன்னாங்கன்னும் எழுதி வைங்க. யாரும் எடுக்கலன்னா ரெண்டாவது தடவை அடிச்சுப் பாருங்க, அதுக்கு மேல காத்திருக்காம கிளம்புங்க.

எமர்ஜென்சியில மொதல் கவுண்டர்லதான் அவசரத்தைப் பொறுத்து சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு பிரிப்பாங்க. பச்சையில போட்டா மணிக்கணக்கா நாற்காலியில உக்காரணும், அதுவும் இருமுற கூட்டத்துக்கு நடுவுல. அதனால ஐசி நீட்டும்போதே சொல்லிடணும்: "சாயா பாரு புவாட் கிமோ, செகாராங் டெமாம்" (இப்பதான் கீமோ எடுத்தேன், இப்ப காய்ச்சல்). தயங்காம, சத்தமா. கடைசி கீமோ தேதியையும் சொல்லுங்க, லெட்டரைக் காட்டுங்க, வேற இடத்துல தனியா உக்கார வைக்க முடியுமான்னு கேளுங்க, மாஸ்க் போட்டுக்குங்க. சொல்லியும் ரொம்ப நேரமா யாரும் கூப்பிடலன்னா மறுபடி போயி மரியாதையா அதையே சொல்லுங்க. ஒரு தடவை ஒரு ஆஸ்பத்திரியில அப்படித்தான் எங்க சொந்தக்காரர் ஒருத்தரை பச்சையில உக்கார வச்சிட்டாங்க, மகள் மூணாவது தடவை எந்திரிச்சுப் போயி கீமோ லெட்டரை கவுண்டர்ல விரிச்சு வச்ச பிறகுதான் உள்ள கொண்டு போனாங்க. குடியுரிமை உள்ளவங்களுக்கு அரசாங்க எமர்ஜென்சியில பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி, காசுக்குப் பயந்து வீட்டுல இருக்க வேண்டிய அவசியம் இல்ல.

பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு வீட்டுக்கு அனுப்பிட்டா கோவிச்சுக்காதீங்க, அலைச்சல் வீணுன்னும் நினைக்காதீங்க. கிளம்புறதுக்கு முன்னாடி எது வந்தா திரும்பி வரணும்னு கேட்டு அதையும் அந்தப் பேப்பர்ல எழுதிக்குங்க, அன்னிக்கு எடுத்த ரத்த ரிப்போர்ட்டை ஒரு போட்டோ பிடிச்சுக்குங்க, மறுநாள் காலையில பினாங்கு கீமோ வார்டுக்கு ஒரு போன் போட்டு இப்படி நேத்து ராத்திரி போனோம்னு சொல்லிடுங்க, இல்லன்னா அவங்க பைல்ல அது ஏறாது.